முடிவு பல்கலைக்கழகத்தில், பாரம் ஊர் தலையில்: டெக்சாஸ் காலேஜ் ஸ்டேஷனின் வளர்ச்சியும் குற்றக் கணக்கும்

பிள்ளைக்கு அமெரிக்காவில் எம்.எஸ். சீட் கிடைத்த அன்றைக்கே நம் வீடுகளில் ஒரு விசாரணை தொடங்கிவிடும். அந்த ஊர் எப்படி, ராத்திரி லேபிலிருந்து நடந்து வரலாமா, திருட்டு உண்டா, துப்பாக்கிச் சண்டை உண்டா. தேடினால் ஊருக்கு ஒரு மதிப்பெண் போட்டு, சிவப்பும் பச்சையுமாக ஒரு வரைபடத்தைக் காட்டி, ஒரு லட்சம் பேருக்கு இத்தனை குற்றம் என்று ஒரே எண்ணில் முடித்துவிடுவார்கள். அந்த எண்ணை நம்பி ஊரை ஒதுக்கியவர்களும் உண்டு, அதே எண்ணை நம்பி அசட்டையாக இருந்தவர்களும் உண்டு. கல்லூரி ஊர்களில் அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் டெக்சாஸில் உள்ள காலேஜ் ஸ்டேஷன். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர், நம் பிள்ளைகள் இன்ஜினியரிங் மேற்படிப்புக்கு நிறையப் போகிற ஊர்.

என் வாதம் இதுதான். அங்கே ஊரின் வளர்ச்சியை முடிவு செய்கிறவர் ஒருவர், அதற்குப் போலீசும் ரோடும் தீயணைப்பு வண்டியும் கொடுக்க வேண்டியவர் இன்னொருவர். கூட்டம் கூடியதால் குற்றம் கூடியது என்று ஒரு வரியில் சொல்லிவிடுவது எளிது, ஆனால் அது பாதிகூட உண்மையில்லை. குற்றத்தின் வகை மாறியது, இடம் மாறியது, எந்தக் கணக்கில் ஏறுகிறது என்பது மாறியது. இந்த மூன்றையும் பார்க்காமல் மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது.

ஊர் உருவான கதை

1876ல் வகுப்புகள் தொடங்கியபோது அது விவசாயமும் இயந்திரவியலும் சொல்லிக்கொடுக்கும் ஒரு சின்னக் கல்லூரி, சுற்றிலும் புல்வெளி, பக்கத்தில் ரயில் நிற்கும் இடம். அந்த ரயில் நிறுத்தத்தின் பெயரே ஊருக்கு ஆனது. சற்று வடக்கே பிரையன் என்ற பழைய ஊர் ஏற்கெனவே இருந்தது, கடைத்தெருவும் வியாபாரமும் அங்கேதான். காலேஜ் ஸ்டேஷன் தனி நகராட்சியானது 1938ல்தான். 1940 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 2,184. நம் பக்கத்தில் ஒரு நடுத்தரக் கிராமம், அவ்வளவுதான்.

திருப்பம் 1960களில் வந்தது. அதுவரை ஆண்கள் மட்டும் படிக்கும், ராணுவப் பயிற்சி கட்டாயமான கல்லூரி அது. ஜேம்ஸ் ஏர்ல் ரடர் தலைவராக இருந்த காலத்தில், பழைய மாணவர்களின் கடும் எதிர்ப்பையும் தாண்டி, 1963ல் பெண்களைச் சேர்க்க வழி திறந்தது. 1965ல் ராணுவப் பயிற்சி விருப்பத்துக்கு விடப்பட்டது. இந்த இரண்டு முடிவும் இல்லாவிட்டால் இன்றைய ஊரே இல்லை. 1970ல் 14,000 சொச்சம் மாணவர்கள், 1980ல் 33,000க்கு மேல். ஊரும் அப்படியே கூடவே ஏறியது: 17,676 பேர் பத்தே ஆண்டில் 37,272 ஆனார்கள். 2000 கணக்கெடுப்பில் 67,890, பிரையனை அப்போதுதான் முந்தியது. 2010ல் 93,857. 2020ல் 1,20,511. இருபது ஆண்டில் எழுபத்தேழு சதவீத உயர்வு.

அடுத்த பெரிய முடிவு 2013 ஜனவரியில். 2025க்குள் இன்ஜினியரிங் மாணவர் எண்ணிக்கையை 25,000 ஆக்குவோம் என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் ஏ அண்ட் எம்மின் அமெரிக்க ஃபுட்பால் அணி சௌத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் எனப்படும் பெரிய கல்லூரி லீகுக்கு மாறி, நாடு முழுக்கப் பெயர் பரவியிருந்தது. 2012ல் 50,000ஐ ஒட்டி இருந்த மொத்த மாணவர் எண்ணிக்கை, எல்லாக் கிளைகளையும் சேர்த்து 2024ல் கிட்டத்தட்ட 79,000. பெரும்பகுதி காலேஜ் ஸ்டேஷனில்தான். இந்த 25,000 என்ற இலக்கை வைக்க எந்த நகர மன்ற ஓட்டும் தேவைப்படவில்லை. அது மாநிலப் பல்கலைக்கழகம். எங்கே என்ன கட்டலாம் என்று சொல்லும் நகரத்தின் மனை வகைப்பாட்டு விதிகள் அதைக் கட்டுப்படுத்தாது. தன் நிலத்துக்கும் கட்டடத்துக்கும் சொத்து வரி கட்ட வேண்டியதில்லை. எத்தனை பேரைச் சேர்ப்பது என்பது அதன் உரிமை, அத்தனை பேரும் எங்கே தூங்குவார்கள் என்பது ஊரின் கவலை.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்துக்குச் சொந்தப் போலீஸ் இருக்கிறது, சொந்தப் பேருந்து இருக்கிறது, ஊரில் பாதிப் பேருக்கு ஏதோ ஒரு வகையில் சோறு போடுவது அதுதான். மாணவர்கள் வாங்கும் ஒவ்வொரு பீட்சாவிலும் ஊருக்கு விற்பனை வரி வருகிறது. எட்டேகால் சதவீத வரியில் ஒன்றரை சதவீதம் ஊருக்கு.

கட்டிக்கொண்டே இருந்தால்தான் கஜானா நிறையும்

வளாகத்துக்குள் விடுதிகள் உண்டு. 2017ல் திறந்த பார்க் வெஸ்ட் மட்டுமே மூவாயிரத்துக்கு மேல் படுக்கை கொண்டது. ஆனால் மொத்த எண்ணிக்கைக்கு அதெல்லாம் போதவே போதாது. பெரும்பாலான மாணவர்கள் வெளியே வாடகைக்குத்தான் இருக்கிறார்கள். வளாகத்துக்கு வடக்கே மதுக்கடைகள் நிறைந்த நார்த்கேட் பகுதியில், யுனிவர்சிட்டி டிரைவ் சாலையை ஒட்டி, பத்து மாடியும் அதற்கு மேலுமாகக் கட்டடங்கள் எழுந்தன. முன்பு இரண்டு மாடிக் கடைகளும், 1974லிருந்து நடக்கும் டிக்சி சிக்கன் மதுக்கடையும் இருந்த தெருவில் இப்போது அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த வாடகை முறையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். நாலு அறை, நாலு குளியலறை, நடுவில் ஒரு பொதுக்கூடமும் சமையலறையும். வீட்டுக்கு ஒரு ஒப்பந்தம் என்று கிடையாது, அறைக்கு ஒரு ஒப்பந்தம். ஒவ்வொருவருக்கும் தனிப் பூட்டு, தனி ஜாமீன்தாரர். பக்கத்து அறையில் வருகிறவர் யார் என்பது பல நேரம் வந்து இறங்கிய பிறகுதான் தெரியும். அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தை அக்டோபர், நவம்பரிலேயே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். ஜூலை கடைசியில் ஊரே ஒரே வாரத்தில் வீடு மாறும். பழைய ஒப்பந்தம் முடிந்து புதியது தொடங்க நடுவே சில நாள் இடைவெளி விழும், அந்த நாட்களில் கட்டில், மெத்தை, டிவி எல்லாம் காரிலும் நண்பர் வீட்டு வாசலிலும் கிடக்கும். பெரிய குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் சோஃபாக்கள் அடுக்கியிருக்கும். யார் எடுத்துப் போகிறார்கள், யார் குடிவருகிறார்கள் என்று யாருக்கும் தெரியாத ஒரு வாரம். அந்த நாலு பேரில் ஒருவருக்கு அண்டை வீட்டுக்காரர் முகம் தெரிந்திருந்தால் அதிசயம்.

இதைவிடச் சூடான சண்டை தனி வீடுகளைப் பற்றி. வளாகத்துக்குத் தெற்கேயும் கிழக்கேயும் பேராசிரியர்களும் ஊழியர்களும் குடியிருந்த பழைய தெருக்கள், பெரிய ஓக் மரங்கள், சின்னச் சின்ன வீடுகள். அவற்றை வாங்கி இடித்துவிட்டு, மாணவர்களுக்கென்றே இரண்டு மாடி வீடு கட்டினார்கள். ஏ அண்ட் எம் மாணவர்களை ஆகி என்பார்கள், அதனால் இந்த வீடுகளுக்கு ஊர்வழக்கில் ஆக் ஷாக் (ஷாக் என்றால் குடிசை) என்று பெயர். நாலைந்து படுக்கையறை, ஒவ்வொன்றுக்கும் ஒட்டிய குளியலறை, முன்பக்கப் புல்வெளி முழுக்கக் கான்கிரீட், ஐந்து கார். சாலை குறுகல், இரண்டு பக்கமும் கார் நின்றால் தீயணைப்பு வண்டி நுழையாது. அதனால் பல தெருக்களில் ஒரு பக்கம் நிறுத்தத் தடை போட்டார்கள்.

ஒரு வீட்டில் உறவில்லாதவர்கள் நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்று நகர விதி இருந்தது. 2021ல் நகர மன்றம் இன்னும் ஒரு படி போய், ஒரு குடியிருப்பில் பாதிக்கும் மேற்பட்ட உரிமையாளர்கள் மனு கொடுத்தால் அங்கே அந்த எண்ணிக்கையை இரண்டாகக் குறைக்கலாம் என்றது. மாணவர் அமைப்புகள் எதிர்த்தன, நீண்ட கூட்டங்கள் நடந்தன. மறுபக்கம் 2022ல் நாலு குடும்ப வீடு, வரிசை வீடு போன்றவற்றை அனுமதிக்கும் புது மனை வகையையும் அதே நகரம் கொண்டுவந்தது. கடைசியில் 2025ல் டெக்சாஸ் சட்டமன்றம் குறுக்கே வந்து, பெரிய பல்கலைக்கழகங்கள் உள்ள இம்மாதிரி ஊர்களில் உறவுமுறையை வைத்து குடியிருப்போர் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டது. பத்துப் பதினைந்து ஆண்டு ஊர் சண்டை மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் ஒரே சட்டத்தில் முடிந்தது.

அந்தச் சட்டம் எனக்குச் சரியென்றே படுகிறது. அண்ணன் தம்பி ஆறு பேர் இருக்கலாம், நண்பர்கள் ஐந்து பேர் இருக்கக்கூடாது என்பதில் எந்த நியாயமும் இல்லை, சத்தமும் பார்க்கிங்கும் பிரச்சினை என்றால் அவற்றையே நேராகத் தண்டிக்கலாம். ஆனால் ஊரின் கையிலிருந்த ஒவ்வொரு கருவியும் இப்படி வெளியிலிருந்தே பிடுங்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2019ல் மாநிலம் இரண்டு சட்டம் போட்டது. ஒன்று, ஊர் தன் எல்லையை மக்கள் சம்மதமில்லாமல் விரிக்க முடியாது. இன்னொன்று, ஏற்கெனவே உள்ள சொத்துகளிலிருந்து கிடைக்கும் வரி வருவாயை மக்கள் ஓட்டு இல்லாமல் ஆண்டுக்கு 3.5 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது. டெக்சாஸில் வருமான வரியும் கிடையாது. சரி, போலீஸ்காரர் சம்பளமும் தார் விலையும் அதைவிட வேகமாக ஏறினால் என்ன செய்வது? அந்த 3.5 சதவீதக் கணக்கில் புதுக் கட்டடங்களின் மதிப்பு சேராது. அதனால் புதிதாகக் கட்டினால் மட்டுமே கூடுதல் வருவாய். ஒவ்வொரு புது அடுக்குமாடியும் நேற்றைய செலவைச் சமாளிக்கப் பணம் தருகிறது, நாளைய செலவையும் கூடவே கூட்டிக்கொண்டு வருகிறது. கட்டுவதை நிறுத்த எந்த நகர மன்றத்தாலும் முடியாது என்பது இந்தச் சட்டத்தின் இயல்பான விளைவு. கட்டடக்காரர்கள் கைக்குள் மன்றம் இருக்கிறது என்று ஊரில் திட்டுபவர்கள் இந்த வரிக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும்.

குற்றத்தை எதனால் வகுப்பது

ஒரு லட்சம் பேருக்கு இத்தனை குற்றம் என்பது ஒரு வகுத்தல் கணக்கு. மேலே குற்றம், கீழே மக்கள்தொகை. கல்லூரி ஊரில் இரண்டுமே வழுக்கும்.

கீழே உள்ள எண்ணை முதலில் பார்ப்போம். 2020 கணக்கெடுப்பின் குறிப்பு நாள் ஏப்ரல் 1. கொரோனாவால் மாணவர்கள் மார்ச்சிலேயே வீட்டுக்குப் போய்விட்டார்கள். வழக்கமாக எங்கே தங்குவார்களோ அங்கேயே கணக்கில் சேர்க்கச் சொல்லி கணக்கெடுப்புத் துறை அறிவுறுத்தியது உண்மைதான். விடுதிகளுக்கு அது சரிப்பட்டது, பல்கலைக்கழகப் பதிவேடு இருந்தது. தனியார் அபார்ட்மென்டில் இருந்த பையன் டல்லாஸில் அம்மா வீட்டில் உட்கார்ந்துகொண்டு காலேஜ் ஸ்டேஷன் முகவரிக்குப் படிவம் நிரப்பியிருப்பானா? சிலர் நிரப்பியிருப்பார்கள், சிலரைப் பெற்றோரே தங்கள் வீட்டில் சேர்த்திருப்பார்கள். அந்த அளவுக்குக் கீழே உள்ள எண் சிறுத்துவிடும்.

அப்புறம் ஃபுட்பால். கைல் ஃபீல்ட் மைதானத்தில் 1,02,733 இருக்கைகள். 2014 அக்டோபரில் ஒரே ஆட்டத்துக்கு 1,10,633 பேர் வந்தார்கள். ஊரின் மொத்த மக்கள்தொகைக்குக் கிட்டத்தட்ட சமமான கூட்டம் ஒரு சனிக்கிழமை வந்து குடித்து, கத்தி, கார் நிறுத்தி, போகிறது. அன்று உடைக்கப்படும் கார் கண்ணாடி, அன்று நடக்கும் அடிதடி, அன்று போதையில் ஓட்டிப் பிடிபடுபவர் எல்லாம் மேலே உள்ள எண்ணில் சேரும். வந்தவர்கள் கீழே உள்ள எண்ணில் சேர மாட்டார்கள். ஒரு பேச்சுக்கு, ஆண்டுக்கு 2,400 திருட்டு என்று வையுங்கள். 1,20,000ஆல் வகுத்தால் லட்சத்துக்கு 2,000. ஒரு சராசரி நாளில் உண்மையில் ஊரில் இருப்பவர்கள் 1,50,000 என்றால் அதுவே 1,600. ஒரு திருட்டுகூடக் குறையாமல் ஊர் ஐந்தில் ஒரு பங்கு நல்லதாகிவிட்டது.

மேலே உள்ள எண்ணும் அப்படியே. நாடு முழுக்கக் குற்றக் கணக்கைத் தொகுக்கும் எஃப்.பி.ஐ. 2021ல் பழைய முறையிலிருந்து புதுப் பதிவு முறைக்கு மாறியது. முன்பு ஒரே சம்பவத்தில் மூன்று குற்றம் நடந்தால் பெரியதை மட்டும் எண்ணினார்கள், இப்போது மூன்றையும் எண்ணுகிறார்கள். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒட்டவைத்து ஒரு கோடு போட்டு ஊர் கெட்டுப்போய்விட்டது என்று சொல்வது தப்பு. ஊர்களை வரிசைப்படுத்தாதீர்கள் என்று எஃப்.பி.ஐ.யே எச்சரிக்கிறது, யாரும் கேட்பதில்லை.

இதில் என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. 1986ல் பென்சில்வேனியா மாநிலத்தின் லீஹை பல்கலைக்கழக விடுதியில் ஜீன் கிளெரி என்ற மாணவி கொல்லப்பட்டாள். அவள் பெற்றோர் போராடி 1990ல் ஒரு சட்டம் வந்தது: ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் தன் குற்றக் கணக்கை வெளியிட வேண்டும். நல்ல சட்டம். ஆனால் அது வளாகத்தையும், ஒட்டிய பொதுவெளியையும், பல்கலைக்கழகமோ அது அங்கீகரித்த மாணவர் அமைப்புகளோ கையில் வைத்திருக்கும் கட்டடங்களையும் மட்டுமே பார்க்கிறது. இரண்டு மைல் தள்ளி ஒரு தனியார் அபார்ட்மென்டில் ஒரு மாணவிக்கு நடக்கும் கொடுமை அதில் வராது. மாணவர்களில் பெரும்பாலானோர் அங்கேதான் குடியிருக்கிறார்கள். அதாவது பல்கலைக்கழகம் எவ்வளவு வேகமாக வளர்ந்து, எவ்வளவு பேரை வெளியே தள்ளுகிறதோ, அவ்வளவுக்கு அதன் ஆண்டறிக்கை அழகாகத் தெரியும். பாலியல் வன்முறை ஏற்கெனவே மிகக் குறைவாகப் புகாராகும் குற்றம், பெரும்பாலும் தெரிந்தவரே செய்யும் குற்றம். பெற்றோர் அந்த அறிக்கையைப் பார்த்து நிம்மதி அடைகிறார்கள் என்பதுதான் எனக்குக் கோபமூட்டுகிறது.

என்னதான் நடக்கிறது

அமெரிக்கா முழுக்கச் சொத்துக் குற்ற விகிதம் 1991க்கும் 2019க்கும் இடையே பாதிக்கும் கீழே இறங்கியது. அதே காலத்தில்தான் காலேஜ் ஸ்டேஷன் இரட்டிப்புக்கு மேல் பெருத்தது. ஆள் கூடினால் குற்ற விகிதம் கூடும் என்ற நேர்க்கோட்டுக் கணக்கு இங்கே நிற்காது. வறுமைதான் காரணம் என்ற விளக்கமும் நிற்காது. அதிகாரபூர்வக் கணக்குப்படி ஊரில் நாலில் ஒருவருக்கு மேல் ஏழை, ஏனென்றால் விடுதிக்கு வெளியே வாடகைக்கு இருக்கும் வருமானம் இல்லாத மாணவர்கள் அந்தக் கணக்கில் ஏழைகள். அப்பா பணத்தில் பெரிய பிக்கப் டிரக் ஓட்டுகிற ஏழைகள்.

நடப்பதில் பெரும்பங்கு திருட்டுதான், அதிலும் நிறுத்திய காருக்குள் திருட்டு. விடிகாலை மூன்று மணிக்கு அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் இரண்டு பேர் வரிசையாக ஒவ்வொரு கார்க் கைப்பிடியையும் இழுத்துப் பார்த்துக்கொண்டே போவார்கள். பூட்டாத காரிலிருந்து லேப்டாப், பர்ஸ், டெக்சாஸ் என்பதால் சில நேரம் துப்பாக்கியும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் மொத்தக் கட்டடமே காலியாக இருக்கும்போது வீடு உடைப்பு. சைக்கிள், ஸ்கூட்டர். 1979ல் கோஹன், ஃபெல்சன் என்ற இரண்டு சமூகவியல் ஆய்வாளர்கள் சொன்னது இதற்கு அப்படியே பொருந்தும்: திருட நினைப்பவன், எடுக்க எளிதான பொருள், கவனிக்க ஆளில்லாத நேரம், மூன்றும் ஓரிடத்தில் கூடினால் போதும். அறைக்கு அறை ஒப்பந்தமும், முகம் தெரியாத அண்டை வீடும், ஆளுக்கொரு காரும் இந்த மூன்றையும் தாமே கூட்டிவைக்கின்றன.

நார்த்கேட் தனிக் கதை. குடிக்க வயது 21, ஆனால் 18 வயதுக்காரரையும் உள்ளே விடும் கடைகள் உண்டு. எல்லாக் கடையும் ராத்திரி இரண்டு மணிக்கு மூடும், சில ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் ஒரே தெருவில் இறங்குவார்கள். அடிதடி, போலி அடையாள அட்டை, போதையில் கார் ஓட்டுவது எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் குவியும். 1998ல் மாணவர்களே தொடங்கிய கார்பூல் என்ற இலவசச் சவாரிச் சேவை வியாழன் முதல் சனி வரை பின்னிரவில் ஓடுகிறது, இதுவரை லட்சக்கணக்கானவர்களை வீடு சேர்த்திருக்கிறது. போலீஸ் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட இது எத்தனை உயிரைக் காத்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இனிமேல் கவனிக்க வேண்டிய இடம் நார்த்கேட்டின் புது மாடிகள் அல்ல. 1980களில் கட்டிய இரண்டு மாடிப் பழைய வளாகங்கள். புதுக் கட்டடங்கள் நீச்சல் குளமும் ஜிம்மும் காட்டி வசதியான மாணவர்களை இழுத்துக்கொள்ளும்போது, இவற்றின் வாடகை இறங்கும், உரிமையாளர் பராமரிப்பைக் குறைப்பார், பார்க்கிங் விளக்கு எரியாது, கேட் பூட்டு மாதக்கணக்கில் சரியாகாது. அங்கே குடிவருகிறவர்கள் குறைந்த சம்பளத் தொழிலாளர்களும், உதவித்தொகையில் வாழும் நம்மூர் எம்.எஸ்., பிஎச்.டி. மாணவர்களும்தான். 1989ல் மினியாபொலிஸ் என்ற அமெரிக்க நகரைப் பற்றிய ஆய்வில் குற்றவியல் அறிஞர் ஷெர்மனும் சக ஆய்வாளர்களும் கண்டது: போலீசுக்கு வரும் அழைப்புகளில் பாதி, நகரின் வெறும் 3 சதவீத முகவரிகளிலிருந்து. ஊர் என்ற அளவில் குற்றத்தைப் பார்ப்பதே பெரும்பாலும் வீண், முகவரி அளவில் பார்க்க வேண்டும்.

பல்கலைக்கழகமும் இப்போது கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. வகுப்பறையும் பேருந்தும் போதாத நிலையில், 2024ல் சேர்க்கை வளர்ச்சியைச் சில ஆண்டுகளுக்கு நிறுத்திவைப்பதாக அப்போதைய தலைவர் மார்க் வெல்ஷ் அறிவித்தார். ஏற்கெனவே அனுமதி வாங்கிய கட்டடங்கள் அதற்காக நிற்கப்போவதில்லை. மாணவர் எண்ணிக்கை நின்று, படுக்கை எண்ணிக்கை தொடர்ந்து ஏறினால், நான் மேலே சொன்ன பழைய வளாகங்கள் இன்னும் வேகமாகக் காலியாகும். ஆகவே ஆகஸ்டில் பிள்ளையை அனுப்புகிறவர்கள் ஊரின் மதிப்பெண்ணை விட்டுவிட்டு, அந்தக் குறிப்பிட்ட முகவரிக்குக் கடந்த ஒரு வருடத்தில் எத்தனை முறை போலீஸ் வந்தது என்று நகரப் போலீசின் அழைப்புப் பதிவைக் கேளுங்கள். டெக்சாஸ் பொதுத் தகவல் சட்டத்தின் கீழ் யார் வேண்டுமானாலும் எழுதிக் கேட்கலாம். அங்கே ஏற்கெனவே இருக்கும் ஒரு சீனியரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: ராத்திரி பார்க்கிங்கில் விளக்கு எரிகிறதா, எரியாவிட்டால் புகார் சொன்ன எத்தனை நாளில் மாற்றுகிறார்கள்.